நடு மதகில் திரும்பும் நாய்

உத்திரமேரூர்,
21-8-1983

அன்புள்ள அண்ணனுக்கு,

அன்றைக்கு நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். நலம் விசாரிப்பதெல்லாம் கடைசியில் இடம் இருந்தால்.

பால்காரர் பஞ்சாட்சரம் ஏரிக்கரையில் சைக்கிளோடு விழுந்தார். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு என்னைப் பார்த்து, "இன்னாம்மா, நாயை நீ இட்டுக்கினு போறியா, நாய் உன்னை இட்டுக்கினு போவுதா?" என்றார். கரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் அதோடு விடவில்லை. "அது போற எடம் அதுக்குத் தெரியும். உனக்குத்தான் தெரில. வுட்ரும்மா, போவட்டும்" என்றார். இரண்டாவது சிரிப்பு முதலாவதைவிடப் பெரிது. புல்லுக்கட்டு வைத்திருந்த பெண்கள் கட்டை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள். "இதில் சிரிக்க என்ன இருக்கிறது?" என்று நான் கேட்கவில்லை. சிந்திய பாலுக்கு மன்னிப்பும் கேட்கவில்லை. கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வியை மனதுக்குள் விதவிதமாகக் கேட்டுக்கொண்டே வந்தேன். அதனால் யாருக்கு என்ன பயன்?

நடந்தது இதுதான். போலீஸ் வேலைக்குப் பெண்களை எடுக்கிறார்கள் என்றும் ஓட்டத் தேர்வு உண்டு என்றும் நூலகத்துப் பேப்பரில் பார்த்ததிலிருந்து நான் தினமும் ஓடுகிறேன். அம்மா ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். "ஓடறதுன்னா நாயோட ஓடு. இல்லாட்டி வூட்லயே கெட." ஆகவே கன்றுக்குட்டிக் கயிற்றில் டைகரைக் கட்டி இழுத்துக்கொண்டு ஓடுகிறேன். தாவணிக்கு மேல் உன் பழைய காக்கிச் சட்டை. காலையில் கரை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். சொசைட்டிக்குப் போகிற பால் சைக்கிள்கள், ஏர் மாடுகள், ஆட்டு மந்தை, புல்லுக்கட்டு, வாயில் வேப்பங்குச்சியோடு நடுவழியில் நின்று அரசியல் பேசுகிற பெரிய மனிதர்கள். இத்தனைக்கும் நடுவில் டைகர் ஏரித் தண்ணீர் வழிகிற கலங்கலிலிருந்து அழகாக ஓடி வருகிறது. ஆட்டைப் பார்ப்பதில்லை, மாட்டைப் பார்ப்பதில்லை. நடு மதகு வந்ததும் குறுக்கே பாய்ந்து, கரைக்குக் கீழே வயல் பக்கம் இழுக்கிறது. தினமும் அதே இடம். அன்றைக்குப் பஞ்சாட்சரத்தின் முன்சக்கரத்துக்கு முன்னால் பாய்ந்தது.

இதை நீதான் வளர்த்தாய். நேராக ஓட வைப்பது எப்படி என்று எழுது.

சுலோச்சனா

ஜபல்பூர்,
4-9-1983

அன்புத் தங்கை சுலோவுக்கு அண்ணன் முத்துவேல் எழுதுவது.

கடிதம் கிடைத்தது. இங்கே பட்டாளத்தில் எங்களை விடியுமுன் எழுப்பி ஓட விடுகிறார்கள். முன்னால் ஓடுகிறவன் கிளப்பும் புழுதியைத்தான் நாஷ்டாவுக்கு முன்னால் சாப்பிடுகிறோம். அதனால் சொல்கிறேன், மூக்கால் மூச்சு விடு, கையை இறுக்கி மூடாதே, முதல் பாதியில் வேகம் எடுக்காதே. நம் வீட்டில் ஒரு போலீஸ் இருந்தால் எனக்கும் பெருமைதான்.

ஆனால் நாயை வீட்டில் கட்டிப் போடு. அது ஓட்டத்துக்கு ஆகாது. கட்டாயம் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும் என்றால் கலங்கலிலிருந்து மேற்குப் பக்கம் ஓடு. நடு மதகுப் பக்கம் போகாதே. அங்கே மண் சறுக்கும். பள்ளிக்கூட மைதானம் இருக்கும்போது ஏரிக்கரையை ஏன் பிடித்துக்கொண்டாய்? பஞ்சாட்சரம் வம்பு பேசுகிற ஆள். அவன் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாதே.

அம்மாவுக்குக் கால் வலி எப்படி இருக்கிறது?

முத்துவேல்

உத்திரமேரூர்,
2-10-1983

அன்புள்ள அண்ணனுக்கு,

மூச்சு விடச் சொல்லிக்கொடுத்தது உதவியாக இருக்கிறது. மற்ற யோசனை எதுவும் ஆகவில்லை.

மைதானத்தில் காலையில் பையன்கள் பந்து விளையாடுகிறார்கள். நான் ஒரு சுற்று ஓடினால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வரிசையாக உட்கார்ந்துகொள்கிறார்கள். மேற்குப் பக்கம் கருவேல முள். நாயைக் கட்டிப் போட்டால் அம்மா என்னையும் சேர்த்துக் கட்டிப் போடுகிறாள். நடு மதகில் மண் சறுக்கவில்லை. நன்றாக இறுகிக் கெட்டியாகத்தான் இருக்கிறது.

போன வாரம் அங்கே விழுந்தேன். மண்ணின் குற்றமில்லை. டைகர் இழுத்தது, நானும் பிடிவாதமாக இழுத்தேன், கயிறு அறுந்தது. முழங்கால் தேய்ந்துவிட்டது. டைகர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கீழே இறங்கி, வயலோரத்தில் இருக்கும் நான்கு இருளர் குடிசைகளில் கடைசிக் குடிசைக்குப் போய் வாசலில் படுத்துக்கொண்டது. தன் வீடு மாதிரி.

நான் நொண்டிக்கொண்டு இறங்கினேன். ஒரு பெண் வெளியே வந்தாள். காசியின் மகள் ஜெயம்மா. என் வயதுதான் இருக்கும். நம் நிலத்தில் நடவுக்கு வந்திருக்கிறாள். முகம் தெரியும், பேசியதில்லை. அவள் என்னைப் பார்ப்பதற்கு முன் நாயைப் பார்த்து, "செவல, இன்னாடா, அவங்களத் தள்ளி வுட்டுட்டியா?" என்றாள். டைகர் வாலை ஆட்டிக்கொண்டு எழுந்தது. நம் வீட்டில் நாம் டைகர் என்று பத்து முறை கூப்பிட்டால் ஒருமுறை திரும்புகிற நாய்.

"அதுக்குச் செவலன்னா பேரு?" என்று கேட்டேன்.

"எங்க வூட்ல பொறந்த குட்டிதான யக்கா அது" என்றாள்.

தாமல் சந்தையில் வாங்கினேன் என்று நீ சொன்னாய். ராஜபாளையத்து ரத்தம் கலந்தது என்றும் சொன்னாய். அம்மா இன்றைக்கும் அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அவள் ஏதோ தழையைக் கசக்கி என் முழங்காலில் வைத்தாள். வைக்கும்போது என் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டைப் பையில் ஓரமாகப் பச்சை நூலில் ஒரு தையல் இருக்கிறது, உனக்கு நினைவிருக்கும். காக்கிச் சட்டையில் பச்சை நூல் போட்டிருக்கிறாளே என்று நான் அம்மாவைத்தான் இத்தனை நாளும் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

"பச்ச நூலு இன்னும் கீதே" என்றாள் ஜெயம்மா. பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "நாய்க்காரரு எப்ப வராரு?" என்று கேட்டாள்.

அண்ணா, தினமும் நான் கரையில் வரும்போது அந்தக் குடிசை வாசலில் ஒருத்தி சட்டென்று எழுந்து நிற்பாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொள்வாள். ஒரு பெண் ஓடுவதை அதிசயமாகப் பார்க்கிறாள் என்று நினைத்திருந்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் பட்டேன். அவள் எழுந்தது எனக்காக இல்லை. தூரத்திலிருந்து பார்த்தால் அந்தச் சட்டையும் அந்த நாயும் மட்டும்தான் தெரியும்.

அந்தச் சட்டையை நான் அதற்குப் பிறகு போடவில்லை. துவைத்து மடித்து வைத்திருக்கிறேன்.

பதில் எழுது. மூச்சு விடுவதைப் பற்றி வேண்டாம்.

சுலோச்சனா

ஜபல்பூர்,
23-10-1983

சுலோச்சனாவுக்கு,

உன்னைப் படிக்க வைத்ததும் நூலகத்துக்கு அனுப்பியதும் தப்பு. ஒரு தையலைப் பார்த்துவிட்டு ஒரு கதையே கட்டிவிடுகிறாய்.

நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் கூப்பிட நான்தான் அங்கே போவேன். அப்பா போன பிறகு வேறு யார் போவார்கள்? கூடவே நாயும் வரும். சட்டை முள்ளில் கிழிந்தது, யாரோ தைத்துக் கொடுத்தார்கள். யார் என்று எனக்கு ஞாபகமில்லை. அவர்களிடமிருந்து குட்டி வாங்கினேன் என்றால் அம்மா வீட்டில் சேர்க்க மாட்டாள் என்று சந்தை என்றேன். இவ்வளவுதான்.

நாயை வீராசாமி மாமா தோப்புக்கு அனுப்பிவிடு. அந்தக் குடிசைப் பக்கம் போக்குவரத்து வேண்டாம், பேச்சும் வேண்டாம். ஐயங்கார்குளத்துச் சம்பந்தம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. அம்மா சொல்லியிருப்பாள். நல்ல குடும்பம். தையில் சுட்டி, அதாவது லீவு, கிடைக்கும். அதற்குள் ஒரு நாயால் ஊர் சிரிக்க வேண்டாம்.

அம்மாவிடம் எதுவும் சொல்லாதே.

முத்துவேல்

உத்திரமேரூர்,
13-11-1983

அண்ணனுக்கு,

ஊர் ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டது. அதைத்தான் ஆகஸ்டு மாதம் உனக்கு எழுதினேன், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமலே. நாய் திரும்புகிற இடத்தை வைத்து அதன் எஜமான் எங்கே போய்வந்தான் என்று கரையில் நடக்கிற எல்லோரும் படித்துவிட்டார்கள். பஞ்சாட்சரத்துக்குத் தெரியும், புல்லறுக்கிறவர்களுக்குத் தெரியும், வேப்பங்குச்சிக்காரர்களுக்குத் தெரியும். அம்மாவுக்கும் எனக்கும் தெரியாது. நான் அந்தச் செய்தியைக் கயிற்றில் கட்டித் தினமும் காலையில் எல்லோருக்கும் காட்டிக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

டைகரைத் தோப்புக்கு அனுப்பினேன். மறுநாள் காலையில் கயிற்றைக் கடித்துவிட்டுக் கடைசிக் குடிசை வாசலில் இருந்தது. இரண்டாவது முறை வீராசாமி மாமாவே, "எனக்கு இன்னா தலயெழுத்தாமே இந்தப் பேஜார், நீயே வச்சிக்கோ" என்று கொண்டுவந்து விட்டுவிட்டார்.

அதனால் நான் செய்வது இது. இப்போதெல்லாம் நடு மதகு வந்ததும் நானே நின்றுவிடுகிறேன். நாய் போய்விட்டு வரும்வரை கரைக்கல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறேன். என் ஓட்டம் இரண்டு துண்டாகிவிட்டது. இப்படி ஓடினால் தேர்வில் என்ன ஆவேன் என்று தெரியவில்லை. எரிச்சலாக இருக்கிறது. நாய் மேல் இல்லை.

ஜெயம்மா ஒருநாள் மேலே ஏறி வந்தாள். மழை பெய்து ஏரி அலையடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். நானாக எதுவும் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள்.

"பட்டாளத்துக்குப் போய்ட்டு வந்து இட்டுக்கினு போறேன்னாரு. ஏரித் தண்ணியைத் தொட்டு சொன்னாரு. எனக்கு அவுரு மேல கோவம் இல்ல யக்கா. ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல. அவுரு வாயால சொல்லட்டும். எங்க நைனா சூளைக்கு ஒத்துக்காம என்னால நின்னுக்கினு கீறாரு. மேஸ்திரி வந்து வந்து கத்திட்டுப் போறான்."

தையில் செங்கல் சூளை தொடங்கிவிடும், அதற்கு இப்போதே ஒப்புக்கொண்டு முன்பணம் வாங்க வேண்டும். வருடாவருடம் குடும்பத்தோடு போய்விடுவார்கள். இந்த வருடம் காசி தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார். உன் ஒரு வார்த்தைக்காக ஒரு குடும்பமே வேலைக்கு ஒப்புக்கொள்ளாமல் உட்கார்ந்திருக்கிறது.

நீ யாரைக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்று சொல்ல நான் யார்? எனக்கு அண்ணனை எதிர்த்து எழுதிப் பழக்கமும் இல்லை. இந்தப் பத்தியை மூன்று முறை அடித்து எழுதியிருக்கிறேன். நான் கேட்பது ஒன்றுதான். ஆமாம் என்றோ இல்லை என்றோ அவளுக்கு நீ சொல்லிவிடு. எனக்கு எழுதினால் நான் படித்துக் காட்டுகிறேன்.

அம்மா ஐயங்கார்குளம் போய் வந்ததிலிருந்து கால் வலியை மறந்துவிட்டாள். வருகிற மருமகளுக்கு எந்த அறை என்று தினமும் ஒருமுறை மாற்றிச் சொல்கிறாள். அவள் சந்தோஷத்தைப் பார்க்கும்போது எனக்கு உன் மேல் வருகிற கோபம் இன்னும் இரண்டு மடங்காகிறது.

சுலோச்சனா

ஜபல்பூர்,
4-12-1983

சுலோவுக்கு,

கடிதத்தில் எழுதுகிற விஷயமா இது? இங்கே எங்கள் கடிதங்களைப் பிரித்துப் படிக்கிற வழக்கமும் உண்டு என்பது உனக்குத் தெரியாது.

சுட்டி கிடைத்துவிட்டது. பொங்கலுக்கு முன்னால் வந்துவிடுவேன். வந்து நானே நேரில் போய்ச் சொல்கிறேன். அதுவரை நீ நடுவில் எதுவும் பேசி வைக்காதே. இது என் வாக்கு.

முத்துவேல்

உத்திரமேரூர்,
11-3-1984

அண்ணனுக்கு,

நீ ஜபல்பூர் போய்ச் சேர்ந்த தந்தி வந்தது. நீ இங்கே இருந்த நாட்களில் நாம் இருவரும் பேசிக்கொண்டது பந்தியில் இன்னும் எத்தனை இலை போடலாம் என்பது மட்டும்தான். ஒரே வீட்டில் இருந்தபோது உன்னைப் பார்த்துச் சொல்ல முடியாததை இத்தனை தூரம் தள்ளி எழுதுகிறேன். இது எப்படிப்பட்ட பழக்கமோ தெரியவில்லை.

வந்த முதல் நாள், "நாளைக்குப் போறேன்" என்றாய். மறுநாள் மாமன் வீடு. அதற்கு மறுநாள் மாட்டுப் பொங்கல், மாட்டுக்குக் கொம்பு சீவ வேண்டும் என்றாய். நீ வருகிறாய் என்று நான் டைகரை அவிழ்த்து விட்டிருந்தேன். அது உன்னிடம் வந்தால் அது போகிற இடத்துக்கு நீயும் இறங்குவாய் என்று ஒரு முட்டாள் கணக்கு. ஆனால் அது நேராகக் கடைசிக் குடிசைக்குப் போய்விட்டது. நீ வந்தது அதற்குத் தெரியாது.

காணும் பொங்கல் அன்று கரை முழுக்கக் கூட்டம். கரும்பு விற்கிறவன், பலூன்காரன், சோற்று மூட்டையோடு குடும்பம் குடும்பமாக ஜனங்கள். ஐயங்கார்குளத்துக்காரர்கள் ஏரி பார்க்க வேண்டும் என்று வந்திருந்தார்கள். நீ வெள்ளை வேட்டியில் உன் வருங்கால மாமனாரோடு முன்னால் நடந்தாய். நானும் அம்மாவும் பெண் வீட்டுப் பெண்களும் பின்னால். மதகை நெருங்கும்போது கீழேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. குரைப்பு இல்லை, அழுகை மாதிரி. டைகர் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வந்து இரண்டு முன்னங்காலையும் தூக்கி உன் மார்பில் வைத்தது. வேட்டியெல்லாம் சேறு.

"உங்க வூட்டு நாயா மாப்ள?" என்று உன் மாமனார் கேட்டார்.

"இல்ல மாமா. ஏரியோரத்து நாய். சோத்து வாசனைக்கு வந்திருக்கும்" என்றாய் நீ. குனிந்து ஒரு மண்கட்டியை எடுத்தாய். அதை நீ எறியவில்லை என்பதையும் நான் பார்த்தேன். கையை ஓங்கினாய், அவ்வளவுதான். டைகருக்கு அது புரியவில்லை. விளையாட்டு என்று நினைத்து நீ எறியப்போகிற பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது.

நீ அந்தப் பக்கம் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். ஜெயம்மா சரிவில் பாதி ஏறி வந்து நின்றிருந்தாள். கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டிருந்தாள். நீ சொன்னது அவள் காதில் விழுகிற தூரம்தான். ஒருமுறை, "செவல, வா" என்றாள். நாய் போயிற்று, அதற்குப் பிறகு நம் வீட்டுக்குத் திரும்பவில்லை. பஞ்சாட்சரம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அங்கேதான் நின்றிருந்தார். அன்றைக்கு அவரும் சிரிக்கவில்லை.

"அது எங்கள் நாய்" என்று நான் சொல்லவில்லை. அம்மா என் கையை இறுகப் பிடித்திருந்தாள். அந்தப் பிடியில்தான் அம்மாவுக்கும் ஏற்கெனவே தெரியும் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு உன் கல்யாணத்தில் நான் நலங்கு வைத்தேன், அண்ணிக்குப் பூ வைத்தேன். அண்ணி நல்ல பெண். நூலகத்திலிருந்து நான் எடுத்து வந்த புத்தகத்தைத் தானும் படிக்கலாமா என்று கேட்டாள். அவள் மேல் கோபப்பட ஒரு காரணமும் கிடைக்காதது இன்னொரு எரிச்சல்.

நீ வாக்குத் தந்தபடி நேரில் வந்துதான் பதில் சொன்னாய். நாயைப் பார்த்துச் சொன்னாய்.

சுலோச்சனா

ஜபல்பூர்,
25-3-1984

சுலோ,

உன் கடிதத்தை நாலைந்து முறை படித்தேன். டூட்டியில் மேலதிகாரி சாப் கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை.

அன்றைக்கு அத்தனை பேருக்கு முன்னால் நான் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? நீயே சொல். அவர் கேட்டார், வாய் அதுவாக வந்துவிட்டது. மறுநாள் விடியற்காலையில் மதகு வரைக்கும் வந்தேன். இறங்கவில்லை. அப்படியே திரும்பிவிட்டேன்.

நீ ஒரு உதவி செய். அவளிடம் போய், என்னால் ஆகவில்லை, என் மேல் கோபம் வேண்டாம் என்று சொல்லிவிடு. நீ சொன்னால் கேட்பாள். அந்தச் சட்டையையும் அவளிடமே கொடுத்துவிடு. நாயை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடு. அடுத்த சுட்டியில் நான் வரும்போது அது வீட்டில் இருக்கட்டும். சந்தையில் வாங்கினது என்றே உன் அண்ணியிடம் சொல்லிக்கொள்ளலாம்.

முத்துவேல்

உத்திரமேரூர்,
8-4-1984

அண்ணனுக்கு,

செங்கல்பட்டில் ஓட்டத் தேர்வு முடிந்தது. தேறிவிட்டேன். முதல் பாதியில் வேகம் எடுக்கவில்லை. நடுவில் நிற்கவும் இல்லை.

நீ சொல்லச் சொன்னதைச் சொல்ல முடியவில்லை. உன் கடிதம் வருவதற்கு முன்பே காசி குடும்பம் சூளைக்குப் போய்விட்டது. எந்த ஊர்ச் சூளை என்று பஞ்சாட்சரத்துக்கும் தெரியவில்லை. பார்த்ததை மட்டும் அவர் சொன்னார். மேஸ்திரி டிராக்டர் கொண்டுவந்தான். பாத்திரம், கோழி, பாய் எல்லாம் ஏறியது. நாய்க்கு இடமில்லை என்று விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். அது கரை முழுக்க டிராக்டருக்குப் பின்னாலேயே ஓடியது. ஆடு, மாடு, பால் சைக்கிள் எதையும் பார்க்கவில்லை. கலங்கல் தாண்டியதும் ஜெயம்மா டிராக்டரை நிறுத்தச் சொல்லி இறங்கி, அதைத் தூக்கி மேலே போட்டுக்கொண்டாள்.

சட்டை என்னிடம்தான் இருக்கிறது. நான்கு குடிசையும் வாசலில் ஓலைப் படல் கட்டிக் கிடக்கின்றன. இன்று காலை நான் நாயில்லாமல் ஓடினேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

சுலோச்சனா